பொட்டல உப்பும் ஒரு பாட்டில் கடலும்

மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், எனக்கு எழுத வராது என்று சொல்லிச் சொல்லியே பதினோரு வருஷத்தை ஓட்டிவிட்டேன். உண்மையில் எழுத வராதது காரணம் இல்லை, பயம்தான் காரணம். போன மாதம் என் மகனுக்குக் கடல் மீன் தொட்டி வைக்க ஆசை வந்து, ஷா ஆலமில் ஒரு மீன் கடைக்குப் போனோம். கடைக்காரர் வாளியின் மூடியைத் திறந்து, கோலமாவு மாதிரி வெள்ளையாக இருந்த உப்பைக் கிளறிக் காட்டியபோது அந்தத் தூசி மூக்கில் ஏறியது. சுண்ணாம்பும் மருந்துக்கடையும் கலந்தது போன்ற வாடை. கடல் வாடை மட்டும் துளியும் கிடையாது. பக்கத்திலிருந்த தொட்டியின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன். பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பி, விளக்கேற்றி, முருகனிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது நாங்கள் கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் பண்டமாரானில் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டினார். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு கூடத்தில் சாமி மாடத்துக்கு எதிரே வைத்திருந்த நாலடி மீன் தொட்டிதான். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள், ஒரு நீல மீன், பிறகு நாங்கள் வீட்டில் "கடல் பூ" என்று சொன்ன பவளங்கள். விளக்குப் போட்டதும் இவை கை கையாக விரித்துக்கொண்டு ஆடும். என்னைவிட ஆறு வயது மூத்த அண்ணன் சரவணன்தான் அப்பாவுக்கு வலது கை. உப்பின் அளவைப் பார்க்கும் சின்னக் கருவியில் முள் பச்சைக் கோட்டுக்குள் நிற்கிறதா என்று அவன் சொன்னால்தான் அப்பா நம்புவார்.

தொட்டிக்குத் தண்ணீர் கடலிலிருந்தே வந்தது. ஆ சோங் என்ற சீனர், அப்பாவின் கூட்டாளி, படகு வைத்திருந்தார். ஆழத்துக்குப் போகும்போது எங்கள் நீல நிறத் "தோங்", அதாவது பிளாஸ்டிக் பீப்பாய், இரண்டையும் எடுத்துப் போய் நிரப்பிக்கொண்டு வருவார். அவர் எதற்காக ஆழத்துக்குப் போகிறார் என்று அம்மா கேட்டதில்லை, அப்பாவும் சொன்னதில்லை. பெரிய மாமா இறந்து, அஸ்தி கரைக்க அம்மாவும் படகில் போன அன்றுதான் வெளிச்சமானது. படகின் ஒரு பக்கம் ஐயர் மந்திரம் சொல்லி மாமாவின் கலயத்தை இறக்குகிறார், மறுபக்கம் ஆ சோங் எங்கள் தோங்கைச் சாய்த்துத் தண்ணீர் மொள்ளுகிறார்! அம்மாவைப் பார்த்துச் சிரித்து, அப்பா பெயரைச் சொல்லி, "ராஜு வீட்டுத் தண்ணி" என்று மலாயில் வேறு சொன்னாராம்.

அம்மா வீட்டுக்கு வந்து குளித்த ஈரத்தோடு கத்தினார். "பொணத்த கரைச்ச தண்ணிய நடுவீட்டுல வச்சி, லைட்டு போட்டு ரசிக்கிறீங்களா?"

"கடல் எம்மாம் பெருசு தெரியுமா உனக்கு?" என்றார் அப்பா.

"கடல் பெருசுதான் லா. உங்க தோங்கு சின்னது!"

அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடிவிட்டான்.

இப்படித்தான் பொட்டல உப்பு எங்கள் வீட்டுக்குள் வந்தது. கிள்ளான் கடையில் அம்மாவே நின்று வாங்கினார். மீனுக்கு மட்டும் போதுமான உப்பு ஒன்று, பவளத்துக்கும் சத்து சேர்த்த உப்பு ஒன்று என்று கடைக்காரர் இரண்டு வகை காட்ட, புளி வாங்குவது போல விரலில் தொட்டு நசுக்கி, மோந்து பார்த்து, "இதுல ஒருத்தரையும் கரைக்கலதானே?" என்று கேட்டார். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

அதற்கடுத்த வருஷம் அண்ணனுக்கு டெங்கி காய்ச்சல் வந்தது. ஏழே நாள். பதினாறு வயது. அவனுடைய கலயத்தையும் ஆ சோங்கின் படகுதான் கொண்டுபோனது.

அம்மா சாப்பாட்டை விட்டார், பேச்சை விட்டார். கருமாதி முடிந்து பல நாள் கழித்து, சுவரைப் பார்த்துக்கொண்டே பேசிய முதல் பேச்சு இது: "ஏங்க, தொட்டிக்கு இனிமே கடல் தண்ணியே கொண்டாங்க. நம்ம புள்ள அதுலதான இருக்கான்."

மறுநாள் பள்ளி விட்டதும் அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு படகுத்துறைக்குப் போனார். தோங் இரண்டும் பின்னால் உருண்டன. ஆ சோங் கையசைத்தார். அப்பா இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னால அத மொள்ள முடியாது பாப்பா," என்று சொல்லி வண்டியைத் திருப்பினார்.

நேரே உப்புக் கடைக்குப் போனார். "எது கடல் மாதிரி இருக்கும்?" என்று கேட்டார்.

"எல்லாமே கடல் மாதிரிதான் அண்ணே."

"மோந்து பாத்தா கடல் மாதிரி இருக்கணும்பா."

அப்படி ஓர் உப்பு உலகத்தில் இல்லை. பவள உப்பில் ஒன்று கரைந்த பிறகும் கொஞ்சம் கலங்கலாகவே நிற்கும் என்று கடைக்காரர் குறையாகச் சொல்ல, கடலும் கலங்கல்தானே என்று அப்பா அதையே எடுத்துக்கொண்டார். லோரி நிறுத்தும் இடத்தில் தோங்கில் கலக்கி, ஒரு நாள் பம்பு ஓட விட்டு, முள் பச்சைக் கோட்டுக்கு வந்ததும், பாசார் சந்தையின் மீன்கடையில் ஐஸ் உருகிய தண்ணீரைக் கேட்டு வாங்கித் தோங்கின் வெளிப்புறத்தில் பூசினார். "அம்மாட்ட சொல்லிடாத," என்றார். என் தலையில் அவர் கை வைத்தபோது அந்தக் கையும் மீன் நாறியது.

அம்மா சூடம் காட்டித் தோங்கை வீட்டுக்குள் விட்டார். செம்பில் மொண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டு, முதல் செம்பை அவரே ஊற்றினார். அன்று ராத்திரி ஒரு கரண்டி ரசம் சோறு சாப்பிட்டார்.

அதன் பிறகு இரண்டு வருஷம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அந்தப் பொய் எங்கள் வீட்டுக்கு வந்தது. பொழுது சாய்ந்து விளக்கேற்றியதும் அம்மா தொட்டி முன்னால் உட்கார்ந்து, "சரவணா, அம்மா வந்துட்டேன்" என்பார். பவளம் விரியும். "பாத்தியா, கூப்ட்டதும் வர்றான்" என்று என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன். எனக்குள்ளே நடுங்கும். அது பொட்டலத்தில் வந்த தண்ணீர், அதில் அண்ணன் இல்லை. அவன் அங்கே, படகுத்துறைப் படியில், எங்கள் தோங் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். அம்மாவோ யாரென்றே தெரியாத ஒன்றை மகனே என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கூப்பிட்ட குரலுக்கு யார்தான் வருவது? தொட்டியின் பம்பு களக் களக்கென்று சத்தம் போடும்போதெல்லாம், வேறு வீட்டுக் கதவை அண்ணன் தட்டிக்கொண்டிருப்பது போலவே எனக்குக் கேட்டது.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது பக்கத்து வீட்டுக் கமலா ஆன்டி தன் பிள்ளைகளோடு என்னையும் கெத்தாம் தீவுக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்து இறங்கிய துறையில், எல்லாரும் ஐஸ் கச்சாங் வாங்கித் தின்னப் போன நேரம், நான் படியில் குனிந்து என் தண்ணீர் பாட்டிலை நிரப்பினேன். "அண்ணே, வா, வீட்டுக்குப் போவோம்," என்றேன். பஸ்ஸில் பாட்டிலை மடியில் நிமிர்த்தி வைத்து, அவனுக்கு வழி தெரியவேண்டுமே என்று, "இது பாலம், இது கோயிலு, இது உன்னோட ஸ்கூலு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா குளிக்கும் நேரம் பார்த்து அந்தச் சேற்றுத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினேன். அன்று சாயங்காலம் அம்மா கூப்பிட்டபோதுதான் முதல்முறையாக நான் நடுங்கவில்லை.

ஒரு வாரத்தில் பட்டை மீன்களின் உடம்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி வந்தது. ஒவ்வொன்றாகச் செத்தன. பவளமும் சுருங்கிக் கரைந்தது. கடைசியாக நீல மீன் மிதந்த அன்று அம்மா அழுவார் என்று பயந்தோம். அவர் அழவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "வந்து பாத்துட்டான். கெளம்பிட்டான். இனிமே புடிச்சி வைக்கக் கூடாது," என்று எழுந்து போய் உலை வைத்தார். அண்ணன் போன பிறகு அன்றுதான் வீட்டில் முழுச் சமையல்.

ஆனால் தண்ணீரைக் கடலிலேயே விடவேண்டும் என்றார். அப்பா வேறு வழியில்லாமல் படகுத்துறைப் படியில் இறங்கினார். இடுப்பை வளைத்துத் தோங்கைச் சாய்த்தார். மேலே அம்மா கைகூப்பி நின்றார். அப்பா என் காதருகே, "உண்மையான தண்ணி ஊத்தியிருந்தா பொழச்சிருக்கும் பாப்பா. நான் பொய்ய ஊத்திக் கொன்னுட்டேன்," என்றார். நான் தோங்கின் அடிப்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தேன்.

பதினோரு வருஷத்துக்கு முன், ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அப்பா அதையே சொன்னார். "அந்த மீனுங்கள நான்தான்..." கையைப் பிடித்துக்கொண்டேன். பாட்டில் விஷயத்தை நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். விடிந்தபோது அப்பா இல்லை. மூன்று வருஷம் முன்பு அம்மாவும் போய்ச் சேர்ந்தார், கடைசி வரைக்கும் எதுவும் தெரியாமல். இருவரையும் கரைத்தது அதே கடலில்.

இன்று அந்தப் படகுத்துறை இருந்த இடத்தில் வேலி போட்டிருக்கிறார்கள், உள்ளே கொள்கலன்களை அடுக்கியிருக்கிறார்கள். ஆ சோங்கும் இல்லை. கடையில் என் மகன், "ம்மா, ரியல் கடல் தண்ணியே தோங்குல வீட்டுக்கு அனுப்புறாங்களாம், அதையே வாங்கலாமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். பவள உப்புகளை வரிசையாகத் தொட்டுப் பார்த்து, எது கரைந்தும் கலங்கலாக நிற்கும் என்று கேட்டு, அதைத்தான் வாங்கி வந்திருக்கிறேன். கூடத்தில் இப்போது தோங்கில் பம்பு ஓடிக்கொண்டிருக்கிறது.

சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். ராஜு கொண்டுவந்த கடல் தண்ணீரில் மகன் வந்து ரெண்டு வருஷம் அம்மாவோடு இருந்துவிட்டுப் போனான் என்கிறார்கள். சிலர் தொட்டிக்குள் முகம் தெரிந்தது என்றுகூடச் சேர்த்துக்கொள்கிறார்கள். உங்களைக் கையெடுத்துக் கேட்கிறேன், இதை யாரிடம் சொன்னாலும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். முகம் தெரியவில்லை. இரண்டு வருஷமும் பொட்டல உப்புதான், அதில் ஒரு மீனும் சாகவில்லை. கடல் தண்ணீர் ஒரே ஒரு பாட்டில். மீன்கள் அதனால்தான் செத்தனவா என்பது முருகனுக்குத்தான் தெரியும். ஆனால் அதை ஊற்றியது அப்பா இல்லை, நான்.