மைனஸ் எட்டு கஜம்

கார்வெல் கல்லூரியைப் பத்துக்கு ஒன்பது என்று ஜெயித்தது. மாவட்டக் கண்காட்சியில் பதினோரு பெண்மணிகளைப் பின்தள்ளி ஆப்பிள் கேக்குக்கு நீல ரிப்பன் வாங்கியது. வங்கி மேலாளரின் மகன் மூன்று வருடம் சுற்றியும் திரும்பிப் பார்க்காத லவோனை, இரண்டே நடனத்தில் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைத்தது. பக்கத்து மாவட்டமே பனியில் புதைந்து கிடந்த குளிர்காலத்தில், இருமிக்கொண்டே ஓடும் பழைய இயந்திரத்தை வைத்து ஆஸ்பத்திரிச் சாலையைக் கடைசிவரை திறந்து வைத்திருந்தது. தம்பியின் பெருமைகளைச் சொல்லும்போது ஆர்டிஸ் இந்த வரிசையை மாற்றுவதில்லை. உருளைக்கிழங்கை உரித்தபடி சொல்லிக்கொண்டே போவாள். அவளுடைய தம்பி மெர்லின் ட்வைட் அப்போது வாசலில் நின்று, ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுக் காற்றில் நிமிர்த்திப் பிடித்திருப்பான்.

"வடமேற்கு," என்பான். "போதும்க்கா. நீ என்னைப் புகழ்ற வேகத்துல பாதிக் கிழங்கு தோலோட போவுது."

அவனுக்கு அறுபத்தைந்து வயதாகிறது. கோடையில் மாவட்டத்துச் சரளைச் சாலைகளைச் சமன்படுத்தும் வண்டியையும், குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டியையும் ஓட்டுகிறான். ஓய்வு பெறச் சொன்னால், "பனி ஓய்வெடுக்கட்டும், நானும் எடுக்கறேன்" என்கிறான். விரலை நனைத்துப் பார்க்காமல் அவன் வண்டியைக் கிளப்பியதில்லை. தெற்கு டகோட்டாவில் காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் தினமும் புதிதாகக் கேட்டுத் தெரிந்துகொள்வான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எதைக் கையில் கொடுத்தாலும் ஒரு சின்னத் திருப்புத் திருப்புவான். ரொட்டி, காபிக் கோப்பை, சுருட்டிய செய்தித்தாள், எதுவானாலும். பந்தின் தையல் மேலே வந்தால்தான் உதை நேராகப் போகும் என்று இருபது வயதில் கை கற்றுக்கொண்டது. கை இன்னும் மறக்கவில்லை. லவோனுக்கு முதல் பெண் குழந்தை பிறந்தபோது நர்ஸ் துணியில் சுற்றிக் கொடுத்தாள். வாங்கிய உடனே அதையும் கால் வட்டம் திருப்பினான். "ஏங்க, அதுக்குத் தையல் கிடையாது," என்றாள் லவோன்.

ஹெம்மிங் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் அவன் உதைக்காரன். அந்த ஆட்டத்தில் பந்தை அணைத்துக்கொண்டு முன்னால் ஓடுகிறவர்களுக்குத்தான் பெயர். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற முடியாது என்று தெரிந்துவிட்டால், பந்தை எதிராளியிடமே உதைத்துவிடுவார்கள். மற்றவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியேறும் நேரத்தில் உள்ளே வருகிறவன் மெர்லின். ஆர்டிஸ் எட்டாம் வகுப்போடு நின்று வெண்ணெய் ஆலைக்குப் போனவள். அவனுடைய சட்டையில் மூன்றாம் எண்ணை இரட்டைத் தையலில் அவள்தான் தைத்துக் கொடுத்தாள். "மூணுதான் குடுத்தாங்களா? நல்லது, நூல் மிச்சம்," என்றாள்.

எழுபத்து நான்கு நவம்பரில் கார்வெல் வந்தது. பெரிய ஊர், பெரிய பையன்கள். அன்று கார்வெல் ஓடியது முந்நூற்று அறுபத்தொரு கஜம், ஹெம்மிங் எண்பத்தெட்டு. யாராவது பேச்சில் தொண்ணூறு என்று உருட்டினால் ஆர்டிஸ் விடமாட்டாள். "எண்பத்தெட்டு. கூட்டிச் சொன்னா ஜெயிச்சதுக்கு மதிப்பில்ல."

எப்படி ஜெயித்தார்கள் என்பதை அவள் கையிலிருக்கும் கத்தியாலேயே மேசையில் கோடிழுத்துக் காட்டுவாள். மெர்லின் உதைத்த பந்துகள் கார்வெல்லின் எல்லைக்கோட்டுக்கு முன்னால் போய் விழுந்து, அங்கேயே சோம்பேறி நாய் போலப் படுத்துக்கொண்டன. ஒவ்வொரு முறையும் அவர்கள் முழு மைதானத்தையும் கடக்க வேண்டியிருந்தது. எழுபது எண்பது கஜம் ஓடி மூச்சு வாங்கி, வாசலுக்கு வந்ததும் தடுக்கி விழுந்தார்கள். ஒரே ஒருமுறைதான் உள்ளே நுழைந்து ஏழு புள்ளி எடுத்தார்கள். ஒரு தடவை தங்கள் கோட்டருகிலேயே அவசரத்தில் பந்தை நழுவவிட, ஹெம்மிங் பையன் ஒருவன் அதன் மேல் விழுந்தான். அதில் ஹெம்மிங்குக்கு ஏழு புள்ளி. இன்னொரு தடவை அதே மூலையிலிருந்து தப்பிக்க எறிந்த பந்து ஹெம்மிங் கையில் வந்து விழுந்தது. அதில் மூன்று.

கடைசி நிமிடம். பத்துக்கு ஏழு, ஹெம்மிங் முன்னால். பந்து ஹெம்மிங்கின் எட்டாவது கஜக் கோட்டில். எதிர்க்காற்று. அங்கிருந்து உதைத்தால் பந்து உதைத்தவன் மடியிலேயே விழும். பயிற்சியாளர் மெர்லினைச் சட்டையைப் பிடித்து இழுத்து, "உதைக்காத. பின்னால ஓடு. ரெண்டு புள்ளி போனாப் போவுது," என்றார்.

பந்து கைக்கு வந்தது. மெர்லின் பின்னால் ஓடினான். தன் எல்லைக்குள்ளேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, கிறிஸ்துமஸுக்குப் பிடிக்க வந்தவர்களிடம் சிக்காத வாத்தைப் போல ஓடி, கடிகாரத்தை எவ்வளவு தின்ன முடியுமோ அவ்வளவு தின்றுவிட்டுப் பின்கோட்டைத் தாண்டினான். பந்தோடு தன் பின்கோட்டைத் தாண்டினால் எதிராளிக்கு இரண்டு புள்ளி என்பது விதி. பத்துக்கு ஒன்பது. அதன் பிறகு யாரும் பாய்ந்து வந்து தடுக்க முடியாத சுதந்திர உதை ஒன்று மிச்சமிருந்தது. காற்றுக்கு அடியில் தாழ்வாக உதைத்தான். பந்து உருண்டு உருண்டு போயிற்று. அவர்கள் அதைப் பொறுக்கி எடுப்பதற்குள் நேரம் முடிந்தது.

அப்பா மாட்டுக்கொட்டிலில் வானொலி கேட்டுக்கொண்டே பால் கறந்துகொண்டிருந்தார். மகன் பின்னால் ஓடுகிறான், கோட்டைத் தாண்டிவிட்டான் என்று அறிவிப்பாளர் அலறியதும் வானொலியை நிறுத்திவிட்டார். இரவுச் சாப்பாட்டில் தட்டைப் பார்த்தபடி, "எதுக்குடா பின்னால ஓடின?" என்று மட்டும் கேட்டார்.

"ஜெயிச்சிட்டோம்ப்பா."

"சரி, சரி. சாப்பிடு," என்றார், ஆறுதலாக.

மறுநாள் தேவாலய வாசலில் பாதிரியார் கையைப் பிடித்துக் குலுக்கிய பிறகுதான் நம்பினார். நம்பிய பிறகும் அந்தக் கேள்வி வீட்டிலிருந்து போகவில்லை. பசு பின்னால் நகர்ந்தாலும் அப்பா, "மெர்லின் பயிற்சி குடுத்திருக்கான்" என்பார்.

ஹெம்மிங் கல்லூரியின் உடைமாற்றும் அறையில் ஒரு கருவாலி மரக் கதவு இருக்கிறது. ஓர் ஆட்டத்தில் நூறு கஜம் ஓடியவர்கள் அதில் பெயரெழுதுவது வழக்கம். கார்வெல்லைத் தோற்கடித்த நாளில் அணி முழுவதற்குமே நூறு வரவில்லை. அதனால் அந்தக் கதவில் அந்த வெற்றிக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. ஒவ்வொரு அக்டோபரிலும் பழைய ஆட்டக்காரர்கள் கூடும் நாளில் ஆர்டிஸ் கைப்பையில் கறுப்பு மைப் பேனா ஒன்றைப் போட்டுக்கொண்டு போவாள். மை காய்ந்துவிட்டால் புதிது வாங்குவாள்.

"கணக்குல எனக்கு மைனஸ் எட்டு கஜம்க்கா," என்பான் மெர்லின். "முன்னால போனவங்க கதவு அது. என்னை விடு."

போன வருடம் அவளுடைய வலது கண் போய்விட்டது. இடது கண்ணுக்கும் அதே நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கண் இருக்கும்போதே அந்தப் பெயரை அந்தக் கதவில் ஒருமுறை படித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இந்தத் தடவை கைத்தடியோடு ஒருவர் வந்திருந்தார். ராய் ஃபென்டன். அன்று கார்வெல்லுக்காக ஓடியவர். பேத்தி ஹெம்மிங்கில் படிக்கிறாளாம். கதவிலிருந்த பெயர்களை மேலிருந்து கீழே படித்துவிட்டு மெர்லினைத் தேடிப் பிடித்தார்.

"உன் பேரு எங்கப்பா?"

"நான் ஓடலையே."

"நான் ஓடினேன். இருநூத்தி நாலு கஜம். எங்க ஊர்ப் பேப்பர்ல படம் வந்துச்சு. எங்கம்மா கண்ணாடி போட்டு மாட்டினாங்க, ஸ்கோர் தெரியாத மாதிரி கீழ மடிச்சு."

"நல்லா ஓடினீங்க. நான் பின்னாலேருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"பாக்காம என்ன? ஒவ்வொரு வாட்டியும் என்னை எங்க வீட்டு வாசல்லயே கொண்டுபோய் வெச்சது நீதானே. அவ்வளவு தூரம் ஓட எனக்கென்ன ஆசையா? அந்த இருநூறுல பாதி நீ குடுத்தது." ராய் கைத்தடியால் கதவைத் தட்டினார். "எங்க ஊர்க் கதவா இருந்தா அன்னைக்கே எழுத வெச்சிருப்பேன்."

ஆர்டிஸ் கைப்பையைத் திறந்து துழாவினாள். பேனா கைக்கு அகப்பட்டது. நீட்டியபோது, அவன் நின்ற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி நீட்டினாள். மெர்லின் அந்தக் கையைப் பார்த்தான். அவளுடைய கண்ணைப் பார்த்தான்.

"எத்தனை நாளாக்கா?"

"பேனாவைப் பிடி. மை காஞ்சிடும்."

வாங்கினான். உள்ளங்கையில் ஒரு சின்னத் திருப்பு. பேனாவின் கொக்கி மேலே வந்தது. கதவை இழுத்துத் திறந்து அதன் பின்பக்கம் போனான். அங்கே யாரும் எழுதியதில்லை, வெறும் மரம். குனிந்து, தன் பெயரைப் பெரிய எழுத்தில், அக்காவின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுதினான்.

ஆர்டிஸ் இடது கண்ணை மரத்தருகே கொண்டுபோய் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். கடைசி எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

"தேதி?"

"எது, ஆட்டத்துத் தேதியா?"

"அது ஊருக்கே தெரியும். இன்னைக்குத் தேதி போடு."

ஜன்னலே இல்லாத அந்த அறையில் மெர்லின் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு நிமிர்த்திப் பிடித்தான். பிறகு பெயருக்குக் கீழே எழுதினான்: 12 அக்டோபர் 2019.