கையில் பால் போத்தலோடு ஓர் இறுதிப் போட்டி

2008 ஈஸ்டர் விடுமுறைக்கு மெல்பர்னிலிருந்து சிட்னிக்குக் காரில் போய் வந்தேன். ஊர் சுற்ற அல்ல, கால்பந்து பார்க்க. யாழ்ப்பாணக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் நடத்தும் போட்டி அது. (அங்கே பள்ளிக்கூடத்தையும் கல்லூரி என்றுதான் சொல்வார்கள்.) நான் மதுரைக்காரன். என்னோடு வேலை பார்க்கும் ரஞ்சன் தன் கல்லூரி அணியின் கோல்கீப்பர். நாற்பத்திரண்டு வயது, இரண்டு முழங்காலிலும் கட்டு. இதோடு ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். ஃபைனலுக்குப் போகவேண்டும், அதை அண்ணன் பார்க்கவேண்டும் என்பதுதான் வழி முழுக்க அவர் பேச்சு.

வெள்ளி காலை ஐந்தரைக்குப் பொயிண்ட் குக்கில் கிளம்பி, ரோவிலில் ரஞ்சனை ஏற்றிக்கொண்டு ஹியூம் ஹைவேயைப் பிடித்தேன். சுமார் 900 கிலோமீட்டர். ஆல்பரியில் பெட்ரோலும் ஆறிப்போன சாண்ட்விச்சும். மாலை ஐந்து மணிக்குச் சிட்னியின் ஹோம்புஷில், ரஞ்சனின் அண்ணன் யோகன் வீட்டில் இருந்தோம். நண்டுக்குழம்பு, புட்டு, ஏகப்பட்ட உபசாரம். மைதானம் அங்கிருந்து நடக்கிற தூரம்.

சனிக்கிழமை அரையிறுதி. மைதானம் நிரம்பி வழிந்தது. ஆனால் வந்த வினையைப் பாருங்கள்: அப்பாவுக்கு வேலை மாற்றலானதால் அண்ணன் படித்தது ஒரு கல்லூரி, தம்பி படித்தது வேறு. அரையிறுதியில் மோதியது அந்த இரண்டும்தான். கடைசி பெனால்டியை ரஞ்சன் பாய்ந்து பிடித்தார். யோகனின் கல்லூரி வெளியே போனது. அன்று இரவு அந்த வீட்டில் புட்டும் இல்லை, பேச்சும் இல்லை.

ஞாயிறு காலை யோகனிடம் கேட்டேன். "அண்ணே, ஃபைனலுக்குக் கிளம்பலையா?"

"எங்கட கொலிஜ் இல்லாத மட்ச்சுக்கு நான் என்னத்துக்கு டிக்கெட் எடுக்கிறது?"

"தம்பிக்குக் கடைசி மேட்ச் இல்லையா?"

"தம்பியெண்டா வீட்டில. கிரவுண்டில அவன் மற்றக் கொலிஜ். நான் போய் இருந்தா நாளைக்குச் சங்கத்தில என்ன முகத்தோட கதைக்கிறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரஞ்சன் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

மைதான வாசலில் பிடிவாதமாக, யோகனுக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் கேட்டேன். ஒன்று பத்து டாலர்.

"நீங்கள் எந்தக் கொலிஜ்?" என்றார் விற்பவர்.

"எந்த காலேஜும் இல்லைங்க. மேட்ச் பார்க்க வந்தேன்."

"சும்மாவோ?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவரே புலம்பினார். "எட்டுக் கொலிஜ் வந்தது. ஆறு தோத்திட்டுது. மிச்ச ரெண்டும் மெல்பர்ன். சிட்னி ஆக்கள் ஒருத்தரும் வராயினம்."

உள்ளே வரிசை வரிசையாக வெறும் பெஞ்சுகள். வெயில் இல்லை, மழை இல்லை, ஆட்டத்திலும் குறை இல்லை. தன் பள்ளிக்கூடம் தோற்றுவிட்டால் கால்பந்தே தோற்றுவிட்டதாக நினைக்கிற இவர்களை என்ன சொல்வது? முட்டி தேய்ந்த ஒரு மனிதன் உயிரைக் கொடுத்து ஆடுகிறான், கைதட்ட ஆளில்லை!

இடைவேளைக்குப் பிறகு ரஞ்சன் தெருப்பக்கக் கோலுக்கு மாறினார். அப்போதுதான் கவனித்தேன். கம்பிவேலிக்கு வெளியே நடைபாதை நெடுக ஆண்கள். ஒருவர் காதில் போன், ஒருவர் கையில் நாய்ச் சங்கிலி, எல்லாரும் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர்கள்போல. முந்தின நாள் உள்ளே கத்திய அதே முகங்கள். நடுவில் யோகன், கையில் பால் போத்தலோடு. நான் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வேலியை நோக்கி நடந்தேன்.

அதற்குள் பந்து ஒன்று வேலியைத் தாண்டி அவர் காலடியில் விழுந்தது. ரஞ்சன் வேலியோரம் ஓடி வந்தார்.

"அண்ணை, உள்ளுக்கு வாங்கோவன்."

"நான் பால் வாங்க வந்தனான்." பந்தை எறிந்தார். "டேய், இடப்பக்கம் விட்டு நிக்கிறாய். பாத்துக்கொள்."

கையிலிருந்த டிக்கெட்டைக் கம்பி வழியாக நீட்டினேன். வாங்கினார். பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்தார். ஆட்டம் முடியும்வரை வெளியிலேயே நின்றார். அந்தப் பால் நிச்சயம் கெட்டுப்போயிருக்கும்.

ஒரு கோலில் தோற்றோம். திரும்பும் வழியில் ரஞ்சன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. இடப்பக்கம் வந்த இரண்டு பந்தையும் பிடித்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குத்தான் கோபம் இன்னும் தீரவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஃபைனலுக்கு முன்பதிவு வேண்டாம், வாசலிலேயே டிக்கெட் கிடைக்கும். வேலியோரம்தான் சீக்கிரம் போய் இடம் பிடிக்கவேண்டும்.