காலி நாற்காலிக்குக் கை கொடுத்தேன்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும், செலண்டாரில் செம்பனைத் தோட்டத்துக்குள்ளேயே வளர்ந்தவள் நான், இருட்டுக்குக்கூடப் பயந்ததில்லை. அதனால் நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன். சிரிப்பு எனக்குப் பழகிவிட்டது.

போன மாதம் மலாக்காவில் பள்ளிகளுக்கான சதுரங்கப் போட்டி, கடைசிச் சுற்று. ஜெயித்தால் மாநிலக் குழுவில் இடம். என்னோடு ஆட வேண்டிய தெங்கேரா பள்ளிப் பெண் நஸ்ரினைக் காணோம். எதிராளி வராவிட்டால் நாம் ஒரு காயை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்திவிட்டு உட்கார்ந்திருக்கலாம், கெடு முடிந்தால் வெற்றி நமக்கு. அழுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால் எதிரே கறுப்புச் சிப்பாய் நகர்ந்திருக்கிறது, என் கடிகாரம் ஓடுகிறது.

பக்கத்து மேசைப் பையன்களின் சேட்டை என்றுதான் நினைத்தேன். நடுவரைக் கூப்பிட்டிருக்கலாம், எனக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வருமே, பதிலுக்கு ஆடினேன். நம்பினால் நம்புங்கள், நான் கண்ணை எடுக்கும்போதெல்லாம் அங்கே ஒரு காய் நகர்ந்தது, கடைசியில் கறுப்புக் குதிரை வந்து என் ராஜாவை மடக்கிவிட்டது. ஆட்டம் முடிந்தால் கை கொடுப்பது வழக்கம், கை தானாக நீண்டுவிட்டது. புறங்கையில் ஏதோ சொரசொரவென்று உரசியது.

"டேய், காத்துக்குக் கை குடுக்குது பாரு லா!"

பக்கத்து மேசைப் பையன் ஒருவன் கத்தினான், மண்டபமே சிரித்தது. நடுவர் வந்தார். "யாரும்மா ரெண்டு பக்கமும் ஆடுனது?"

"நான்தான் சார், சும்மா போரடிச்சிச்சு" என்றேன். உண்மையைச் சொல்லி இன்னொரு சிரிப்பு வாங்க எனக்குத் தெம்பில்லை. அவர் காய்களையும் கடிகாரத்தையும் பழையபடி வைத்தார். கெடு முடிவதற்குள் நஸ்ரின் மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தாள்.

அதே சிப்பாயை நகர்த்தினாள். ஐயோ, அதே ஆட்டம்! அடுத்து எதைத் தொடுவாள் என்று எனக்குத் தெரிந்தது, குதிரைக்கு வழியே விடவில்லை. ஜெயித்தேன் என்று சொல்ல வாய் கூசுகிறது.

"இத வீட்ல தனியாதான் பழகுனேன்கா, யாருக்குமே காட்டல. எப்படிக்கா தெரிஞ்சிச்சு?" அவள் கண் கலங்கியிருந்தது. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அப்படியும் அவள் எனக்குக் கை கொடுத்தாள். கட்டைவிரலில் புதுப் பிளாஸ்டர், என் புறங்கையில் சொரசொரவென்று உரசியது.

"வர்ற வழியில பஸ் கதவுல நசுங்கிருச்சுக்கா, கிளினிக் போனேன், அதான் லேட்டு."

மாநிலக் குழுவின் சட்டை பிரிக்காமலே அலமாரியில் கிடக்கிறது. இன்றைக்கும் யார் கை நீட்டினாலும், முதலில் அவர்கள் கட்டைவிரலைத்தான் பார்க்கிறேன்.