பத்து நிமிஷ இருட்டு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவளுக்கு, வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டிப் படுக்கத்தானே தோன்ற வேண்டும்? இவளுக்கோ மொட்டை மாடிக்கு ஓட வேண்டும். மகள் வேண்டாமென்று ஒதுக்கிய காமிரா. அதை நிறுத்த ஸ்டாண்டு கிடையாது; ஒரு ஸ்டூல், அதன்மேல் பழந்துணி மூட்டை. இந்த லட்சணத்தில் நட்சத்திரங்களைப் படம் பிடிக்கிறாள். குடியிருப்பில் அவளுக்கு 'வானத்தம்மா' என்றே பட்டம்.

"அங்க என்னதாம்மா இருக்கு?" என்று மகள் கேட்பாள்.

"என்னை யாரும் வேலை ஏவாத இடம்டி."

ஐந்து நாளாகப் பொழுது சாய்ந்ததும் மேற்கே ஒரு வால்நட்சத்திரம். ஐந்து நாளும் பாழாய்ப்போன மேகம். இன்றுதான் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. நாளையிலிருந்து நிலா வெளிச்சம் அதை விழுங்கிவிடும். மறுபடி அது வர இவள் ஆயுசு போதாது.

மாடியேறிப் பார்த்தால், எதிர்வீட்டு மாடித் தாழ்வாரத்து பல்பு நேரே காமிராவில் அடிக்கிறது. அரை மணியில் வால்நட்சத்திரம் இறங்கிவிடும். தெருவைத் தாண்டிக் கத்திக் கேட்பது மரியாதையா? நான்கு மாடி இறங்கினாள். முழங்கால் கெஞ்சியது.

பத்து நிமிஷம் விளக்கை அணைக்கக் கேட்டதும், கதவைத் திறந்த எதிர்வீட்டு அக்கா தயங்கினாள். "எங்க வீட்டுக்காரர் தாழ்வாரத்துலதான் படுத்திருக்காரு. ஆபரேஷனுக்கு அப்புறம் இவருக்கு இருட்டுன்னாலே ஆகறதில்லைம்மா. எங்க இருக்கோம்னே தெரியாம மிரண்டுடுவாரு." பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள். "பத்து நிமிஷம்தானே? நான் அவர் கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ போ."

மறுபடி நான்கு மாடி. விளக்கு அணைந்தது. முதல் படம் கலங்கல், ஃபோகஸ் நகர்ந்திருந்தது. இரண்டாவது, கை பட்டு ஆடிவிட்டது. மூன்றாவதற்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். இருபதுவரை ஷட்டர் திறந்திருக்க வேண்டும். ஒன்பதில் எதிரே அலறல்.

"எங்கடி போனே? எங்கடி போனே?"

"இங்கதாங்க இருக்கேன். இதோ, கை."

அக்கா விளக்கைப் போடவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டாளாம், மகராசி! அலறல் அழுகையானது.

பதின்மூன்று. பதினான்கு. இன்னும் ஆறே ஆறு எண்ணிக்கை. அவளால் முடியவில்லை.

"அக்கா! லைட்டப் போடுங்க!" என்று கத்தினாள்.

படம் முழுக்க ஒரே வெள்ளை. திரும்பக் கேட்க வாய் வராது. ஸ்டூலோரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழக்கூடத் தெம்பில்லை.

எதிரே அழுகை அடங்கியதும் அக்கா தாழ்வாரத்து ஓரம் வந்து அண்ணாந்தாள். "படம் கிடைச்சுதாம்மா?"

"கிடைச்சுதுக்கா. நல்லா வந்திருக்கு."

"அப்பாடா! நாளைக்கு எடுத்துட்டு வா. இவருக்கும் காட்டணும். இவ்வளவு நேரம் பொறுத்துக்கிட்டாரே!"

"சரிக்கா" என்றாள்.