ஜெயலெட்சுமியின் ஓர்கிட்டும் எங்கள் கூரையும்

முப்பத்து நாலு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவளுக்கு என்ன கொடுப்பது என்று தோட்ட நிர்வாகம் யோசித்து யோசித்து, கடைசியில் ஒரு பூச்செடியைக் கொடுத்தது. இதைச் சொன்னால் பெரகல சந்திக் கடையில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஜெயலெட்சுமி என் பக்கத்து வீட்டுக்காரி. ஒரே லயத்து வரிசை வீடுகள், ஒரே கூரை. அந்தச் செடியோடு அவள் பட்ட பாட்டை நேரில் பார்த்தவள் நான்.

அவள் வேலையிலிருந்து நின்ற அன்று காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வைத்து, தோட்டத் துரையின் சம்சாரம் ஐந்து வெள்ளைப் பூக்களோடு ஒரு ஓர்கிட் சாடியை அவள் கையில் கொடுத்தார். தொரசாணி என்றுதான் நாங்கள் சொல்வோம். "அடுத்த தடவை பூத்ததும் சொல்லி அனுப்புங்க. நானே உங்க வீட்டுக்கு வந்து பாக்குறேன்" என்றார். மரியாதைக்குச் சொன்ன பேச்சுதான். ஆனாலும் எங்கள் லயத்துப் பன்னிரண்டு குடும்பமும் காதைத் தீட்டிக்கொண்டது. காரணம் கூரை.

எங்கள் கூரைத் தகரம் எட்டு வருஷமாக ஒழுகுகிறது. எழுதிக் கொடுத்தோம். எல்லோரும் கையெழுத்து வைத்து இன்னொரு தடவை கொடுத்தோம். கங்காணி வீரசிங்கம் நேரிலேயே போய்ச் சொன்னார். "வந்து பார்க்கிறோம்" என்றார்கள். ஒரு ஈ காக்கா வரவில்லை. ஜெயலெட்சுமி வீட்டு நடு அறையில்தான் பெரிய ஓட்டை. அதற்குக் கீழே எப்போதும் ஒரு பேசின் இருக்கும். தொரசாணி அங்கே வந்து ஒரு நிமிஷம் நின்றால் போதாதா? பூ வந்தால் தகரம் வரும் என்று அன்றைக்கே லயம் முடிவு கட்டிவிட்டது.

ஒரு மாதத்துக்குள் ஐந்து பூவும் உதிர்ந்தன. பூத்து முடிந்தால் அது உதிரும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? லயமே எழவு வீடாகிவிட்டது. தேயிலை தெரிந்த அத்தனை பேரும் வைத்தியத்தில் இறங்கினோம்.

"மண்ணே இல்லாம வச்சா எந்தச் செடி பொழைக்கும்?" என்று வீரசிங்கம் கங்காணி தேயிலை நாற்று வளர்க்கும் தவறணையிலிருந்து கன்று போடும் மண்ணைக் கொண்டுவந்து சாடியில் அமுக்கினார். ஒருத்தர் உரம் போட்டார். போகிறவர் வருகிறவர் எல்லாம் பாவம் தாகமாக இருக்கும் என்று ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார்கள். நானும் ஊற்றினேன், ஒளிப்பானேன். இலைகள் சுருங்கித் தொங்கின. தூக்கிப் பார்த்தால் வேரெல்லாம் அழுகி நாறியது.

"எத்தன ஆயிரம் கன்னு நட்டிருப்பேன். ஒண்ணு செத்ததில்லடி" என்று ஜெயலெட்சுமி அழுதாள். புருஷன் செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

மறுநாள் சாடியை மடியில் வைத்துக்கொண்டு பண்டாரவளைக்கு பஸ் ஏறினாள். துணைக்கு நானும் போனேன். அங்கே பூச்செடிக் கடை வைத்திருக்கும் ஜெனீரா, சாடியைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"யாரும்மா இதுக்கு மண் போட்டது? இது மரத்துல ஒட்டி வளர்ற சாதி. வேருக்குக் காத்து வேணும். நீங்க மூச்சு முட்ட வச்சிருக்கீங்க."

அழுகிய வேரையெல்லாம் கத்தரியால் வெட்டினார். மிஞ்சியது இரண்டே இரண்டு வேர். அதைக் கரித்துண்டிலும் தேங்காய் மட்டைத் துண்டிலும் நிறுத்தி வைத்தார். "வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி போதும். வேர் வெளுத்திருந்தா ஊத்துங்க. பச்சையா இருந்தா கையைக் கட்டிக்கிட்டு இருங்க."

கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் எங்களுக்குத் தெரியாத வேலை. அதனால் வீரசிங்கம் ஞாயிறு தோறும் காலை ஆறு மணிக்குச் சாடி முன்னால் பெரட்டு வைத்தார். பேர் கூப்பிடுவார். வேரைப் பார்க்க ஒருத்தர், ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்ற ஒருத்தர், சாடியில் தண்ணீர் தேங்காமல் வடிய விட ஒருத்தர். மற்றவர்கள் சும்மா நின்று பார்க்க வேண்டும். ஒரு செடிக்கு இத்தனை பேர் வேலை செய்ததை எந்தத் தோட்டத்திலும் பார்த்திருக்க மாட்டீர்கள். மற்ற நாட்களில் ஜெயலெட்சுமி வாசலில் உட்கார்ந்து காவல். செம்போடு யாராவது அந்தப் பக்கம் நடந்தால் தொலைந்தார்கள்.

எட்டு மாதத்தில் ஒரு புது இலை வந்தது. அடுத்த வருஷம் ஒரு தண்டு நீண்டது. அதன் நுனியில் ஒரே ஒரு மொட்டு. அது திராட்சையளவு ஆனதும் வீரசிங்கம் பங்களாவுக்கு ஓடினார். சனிக்கிழமை பத்து மணிக்கு வருவதாகத் தொரசாணி சொல்லி அனுப்பினார். லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்தோம், சாக்கடைக் கானைச் சுத்தம் செய்தோம். அன்றைக்கு மழையும் வந்ததில் எங்களுக்கு இரட்டைச் சந்தோஷம்.

ஒன்பதே முக்காலுக்கு, நடு அறைப் பேசினுக்குப் பக்கத்தில் வைத்திருந்த சாடியை வாசல் பக்கம் திருப்பி வைக்க ஜெயலெட்சுமி உள்ளே போனாள். நான் நிலைப்படியில் நின்றேன். அவள் குனிந்தாள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மொட்டுக்குப் போயின. டக்கென்று கிள்ளின. கை தோளுக்கு மேலே போய், முதுகில் இல்லாத கூடைக்குள் மொட்டை வீசியது. அது பேசினில் விழுந்தது.

"ஐயோ, நான் எடுக்கலடி! கை எடுத்திருச்சு!"

வெளியே ஜீப் வந்து நின்றது.

"எங்க பூ?" என்று கேட்டபடி தொரசாணி உள்ளே வந்தார். ஜெயலெட்சுமி பேசினைக் காட்டினாள். தொரசாணி குனிந்து பார்த்தார். சரியாக அவர் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து ஓட்டையைப் பார்த்தார். சாடியைப் பார்த்தார். மறுபடி ஓட்டையைப் பார்த்தார். போனை எடுத்து எல்லாவற்றையும் படம் பிடித்தார். "அடக் கடவுளே, இப்படியா ஒழுகுது? இதுக்கு உடனே ஏதாவது செய்யணும்" என்றார். வீரசிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூ போனால் என்ன, தகரம் வந்த மாதிரிதான் என்று நாங்கள் இருந்தோம்.

புதன்கிழமை தோட்டத்து லொறி வந்தது. லயமே வெளியே ஓடியது. சாரதி புவனேந்திரன் ஒரே ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினான். உள்ளே ஒரு புது ஓர்கிட். எட்டு மொட்டு. கூடவே ஒரு துண்டுக் கடிதம். அவனே வாசித்தான்: "இதையாவது ஒழுகும் இடத்தில் வைக்காதீர்கள். செடி அழுகிவிடும்."

ஜெயலெட்சுமி சாடியை வெளியே எடுத்தாள். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணி எட்டு மொட்டையும் கிள்ளினாள். இந்தத் தடவை கை தோளுக்கு மேலே போகவில்லை. ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டு, மூடி, புவனேந்திரனிடம் நீட்டினாள். அவளைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போல இருந்தது எனக்கு.

"செடி என்கிட்ட இருக்கட்டும் தம்பி, நான் நல்லாப் பாத்துக்குவேன். தொரசாணிகிட்ட இதக் குடுத்துட்டுச் சொல்லு, மொதல்ல தகரம் வரட்டும், அப்பறமா பூக்கும்னு."