நடு வளை

திருகோணமலை உள்துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் அந்தக் கல்வீட்டுக்கு இப்போது பலகை அடித்திருக்கிறார்கள். ஒல்லாந்தர் காலத்துக் கட்டடமாம், ஒரு கல்லையும் அசைக்கக்கூடாதாம். வருகிறவர்கள் நடுவிலுள்ள கல்வளைவுக்குக் கீழே நின்று படம் பிடிக்கிறார்கள். கிறிஸ்டின் என்று ஒருத்தி அங்கே இருந்தாள் என்று எந்தப் பலகையில் எழுதியிருக்கிறது? பக்கத்து வளவுக்காரி தங்கேஸ்வரி நான் சொல்கிறேன், கேளுங்கள்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியதும் அந்தக் கல்வீட்டின் சொந்தக்காரர் குடும்பத்தோடு மலைநாட்டுக்கு ஓடிவிட்டார். வீட்டைப் பார்த்துக்கொள்ள டொமினிக்கை இருத்தினார். அவன் துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயின்ற் அடிக்கிறவன். அவன் பெண்சாதிதான் கிறிஸ்டின். அவளுடைய தங்கை சீலாவும் கூட இருந்தாள். ஓலைக் கொட்டிலில் பிறந்து, ஊராருக்குச் சட்டை தைத்துப் பிழைத்தவள் கிறிஸ்டின். கல்வீட்டில் குடியிருப்பது அவளுக்குப் பெரிய புளுகம், தலைகால் தெரியாத சந்தோசம்.

வீடும் அப்படிப்பட்ட வீடுதான். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர். ஜன்னல் குந்தில் ஒரு ஆள் ஏறிப் படுக்கலாம், அவ்வளவு தடிப்பு. கூடத்துக்கும் பின் விறாந்தைக்கும் நடுவே அந்த வளைவு. கூடத்து முகட்டில் ஓட்டுப்பாரம் முழுவதையும் தாங்கிக்கொண்டு ஒரு பெரிய மரம். கூரை மரத்துக்கு எங்கள் ஊரில் வளை என்று பெயர். அதுதான் வந்த வினை.

கொழும்பில் குண்டு விழுந்ததோடு பாதி ஊர் வள்ளமேறிக் கிண்ணியாப் பக்கம் போய்விட்டது. “மாடுகளை விட்டிட்டு எனக்குப் போக ஏலாது, நீங்களாவது போங்கோவன்” என்று கிறிஸ்டினிடம் கெஞ்சினேன்.

“இந்தக் கல்வீட்டை விட்டிட்டு ஆரோ ஒருத்தற்றை கொட்டிலுக்குள்ள போய் ஒளிக்கிறதே? உங்களுக்கென்ன அக்கா, விசரே?” என்று சிரித்தாள்.

அக்காவும் தங்கையும் மாதா கோயிலுக்குப் போயிருந்த ஒரு பொழுதில், துறைமுகத்துப் பொறியியலாளர் ஒருவர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கூரையை நம்ப வேண்டாம், குண்டு போட்டால் வளைவுக்குக் கீழே நில்லுங்கள் என்று டொமினிக்கிடம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் காலை நான் பால் கொண்டுபோனபோது அவன் அதைப் பெண்களுக்குச் சொன்னான். அவன் வாயும் ஒரு வாயா! பாதிச் சொல்லை எப்போதும் விழுங்கிவிடுவான்.

“சைரன் ஊதினா நடு வளைக்குக் கீழ போய் நில்லுங்கோ. அங்க ஒண்டும் செய்யாதாம்.”

“நடு வளைக்குக் கீழயோ?” என்று கிறிஸ்டின் திருப்பிக் கேட்டாள்.

“ஓம், ஓம், அங்கதான்” என்று சைக்கிளில் ஏறிவிட்டான். எனக்கும் கூரை மரம் என்றுதான் விளங்கியது. வீட்டையே தாங்குகிற மரம், மனுசரைத் தாங்காதா?

வியாழக்கிழமை காலை சைரன் ஊதியது. சீனன்குடாப் பக்கம் கறுப்பாகப் புகை எழும்பியது. பால் கொண்டுபோன நான், குசினியிலிருந்து ஓடிவந்த சீலாவை இழுத்துக்கொண்டு வேலியோர வடிகானுக்குள் குதித்தேன்.

“கிறிஸ்டின், வெளியில வாடி!” என்று கத்தினேன்.

“இவர் வளைக்குக் கீழ நிக்கச் சொன்னவர் அக்கா! நீங்களும் வாங்கோ!”

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. குண்டு தெருவில் விழுந்தது. சுவர் நின்றது. கூரை, வளையோடு சேர்ந்து, கூடத்துக்குள் இறங்கியது.

டொமினிக் துறைமுகத்திலிருந்து ஓடிவந்தான். எங்களையும் பார்க்கவில்லை, சரிந்த கூரையையும் பார்க்கவில்லை. விறாந்தையால் ஏறி நேரே வளைவுக்குப் போனான். அதில் ஒரு கீறல்கூட இல்லை. “கிறிஸ்டின்! கிறிஸ்டின்!” என்று சந்தோசமாகக் கூப்பிட்டான். ஐயோ, அந்தச் சந்தோசத்தை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு அவன் சோற்றைத் தொடவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறி ஒன்றையே கேட்டான். “நான் என்ன சொன்னனான்? வளைவு எண்டுதானே சொன்னனான்?” நாங்கள் பேச்சை மாற்றினோம். ஆள் வற்றிக்கொண்டே போனான். ஒருநாள் பின்னேரம் கற்பாறை விளிம்பில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவனை நானும் சீலாவும் கையைப் பிடித்துக் கூட்டிவந்தோம். எங்கள் வீட்டு வாசலில் நின்று மறுபடியும் கேட்டான்.

சீலா என்னை முந்திக்கொண்டாள். “வளைவு எண்டுதான் சொன்னனீங்கள் அத்தான். வடிவாச் சொன்னனீங்கள். அக்காதான் பிழையா விளங்கிட்டா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடி பாவி! வாய் திறந்து திருப்பிக் கேட்டவள் உன் அக்கா. ஓம் ஓம் என்று போனவன் இவன். செத்தவள் வந்து மறுத்துப் பேசவா போகிறாள்? சொல்லத்தான் வாயெடுத்தேன். சீலா என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தாள். அவள் கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

டொமினிக் படியில் குந்தினான். பிறகு சாரத்தால் முகத்தைத் துடைத்தான்.

“அவள் எப்பவும் அப்பிடித்தான். ஒண்டைச் சொன்னா ஒழுங்காக் கேக்கமாட்டாள்” என்றான். “பசிக்குது சீலா.”

அவள் உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள்.