பெட்டிக்குள் ஐஸ்கிரீம் இல்லை

பேருந்தில் ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்து, நீலப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொள்வாள். பக்கத்துப் பிள்ளை ஆசையாகக் கேட்கும்: "ஐஸ்கிரீமா ஆண்ட்டி?"

"ஐஸ் இருக்கு கண்ணு. கிரீம்தான் இல்ல."

உள்ளே இருப்பது கைக்குழந்தைகளின் பீ. விரல் நீளக் குழாய்களில், பேருக்குப் பதில் எண் ஒட்டியிருக்கும். வீடு வீடாகப் போய் டயப்பரிலிருந்து எடுத்து ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ப்பது அவள் உத்தியோகம். என் தங்கை மகள். எங்கள் வகையறாவில் வாத்தியார் உண்டு, கொத்தனார் உண்டு, சொல்லாமல் ஓடிப்போனவர்கூட உண்டு. இந்த வேலைக்குப் போனவள் இவள் ஒருத்திதான்.

என் மகன் பிள்ளைக்கும் இவள்தான் வந்து எடுத்தாள். பெற்றவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவள் மூக்கைச் சுளிக்கவில்லை. "அது நாத்தம் இல்ல மாமா, சேதி. குடலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுருங்க கோடிக்கணக்குல குடியிருக்கு. எது சோறு, எது எதிரின்னு பச்ச உடம்பைப் பழக்குறதுல அதுங்களுக்கும் பங்கு உண்டு. சரியாப் பழகலேன்னா, உடம்பு சோத்தோடயே சண்டைக்கு நிக்கும்."

"கிருமின்னாலே கெட்டதில்லயாம்மா?"

"சொந்தக்காரங்க மாதிரிதான் மாமா. எல்லாருமா கெட்டவங்க?"

என் தம்பி பெண்டாட்டி முகம் ஞாபகத்துக்கு வந்தது. 

பயப்படாமல் எல்லாம் ஊட்டிப் பழக்குங்கள் என்று தாய்மாருக்கெல்லாம் தைரியம் சொல்கிற இவள் வீட்டில் வருஷக்கணக்காக முட்டை நுழைந்ததில்லை. மூத்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு துண்டு தின்று, உதடு வீங்கி மூச்சுத் திணற, தூக்கிக்கொண்டு தெருவில் ஓடியவள். இப்போது இளையவனுக்கு ஏழு மாதம். தோலில் சோதித்துப் பார்த்த டாக்டர், "இவனுக்குக் கொடுக்கலாம், தள்ளிப்போடாதீங்க" என்று சொல்லியும் நாளை நாளை என்று கடத்தினாள். போன ஞாயிற்றுக்கிழமைதான் என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள்.

மூத்தவளை அப்பாவோடு பூங்காவுக்கு அனுப்பிவிட்டு, நன்றாக வெந்த முட்டையில் நகக்கண் அளவு மசித்து அவன் நாக்கில் வைத்தாள். அவன் சப்புக்கொட்டினான்.

"மாமா, உதடு சிவக்குதா?"

"இல்லம்மா."

"கண்ணாடி போட்டுப் பாருங்க."

போட்டுக்கொண்டுதான் பார்த்தேன்.

ஜன்னல் வெயில் தரையைக் கடந்து சுவரில் ஏறியது. உதடு உதடாகவே இருந்தது. திடீரென்று அவன் முகமெல்லாம் செக்கச்செவேலென்று ஆனது. இவள் அலறிக்கொண்டு தூக்கினாள். பயல் முக்கினான், அவ்வளவுதான்.

டயப்பரைப் பிரித்தாள். வயிறு, முதுகு, தொடை எல்லாம் தடவினாள். ஒரு தடிப்புக்கூட இல்லை. அவன் பொக்கை வாயைத் திறந்து சிரித்தான்.

"ச்சீ, நாறப்பயலே!" என்று புறங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.